சுங்குடியா, கண்டாங்கியா? கட்டவும் ஜன்னலில் தொங்கவிடவும்

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தானும் பளிச்சென்று உடுத்தி, வீட்டையும் லட்சணமாக வைத்துக்கொள்ள நினைக்கிற அம்மா, கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதைத் துவைக்க முடியுமா?" என்பதுதான். நிறம், பார்டர், டிசைன் எல்லாம் அப்புறம். சாம்பார்க் கை, ஸ்கெட்ச் பேனா, கவிழ்ந்த பால் டம்ளர், இந்த மூன்றையும் தாங்காத எதுவும் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை.

இந்தக் கணக்கில் பார்த்தால், தினசரி கட்டுவதற்கு உருப்படியான போட்டி இரண்டு பருத்திச் சேலைகளுக்குள்தான். ஒன்று மதுரைச் சுங்குடி, இன்னொன்று காரைக்குடிக் கண்டாங்கி. எனக்குப் பிறந்த வீடு மதுரை, மாமியாருக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. ஆகவே நான் எதை எடுத்தாலும் ஒரு பக்கம் முகம் சுளிக்கும். அதைப் பொருட்படுத்தாமல், கட்டித் துவைத்துப் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

சுங்குடியின் உயிர் அந்தப் புள்ளிகளில் இருக்கிறது. சௌராஷ்டிர மக்கள் மதுரையில் வளர்த்த தொழில் அது. துணியில் இடம் பார்த்து, துளியூண்டு துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கே ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். பிறகு சாயத்தில் முக்கினால், முடிச்சுக்குள் மாட்டிய இடம் மட்டும் சாயம் ஏறாமல் வெள்ளையாக நிற்கும். அவிழ்த்த புதுச் சேலையைத் தடவிப் பாருங்கள், ஒவ்வொரு புள்ளியும் லேசாகப் புடைத்துக்கொண்டு விரலில் தட்டுப்படும். ஓரம் கொஞ்சம் கசிந்திருக்கும். ஒரு புள்ளியைப் போல் இன்னொன்று இருக்காது. மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் இன்று கடைகளில் சுங்குடி என்று அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பங்கு மெழுகு அச்சு, இல்லாவிட்டால் ஸ்கிரீன் பிரிண்ட். சின்னாளபட்டியிலிருந்து வருவது நிறைய. புள்ளிகள் ஒரே அளவில், வரிசை பிசகாமல் இருக்கும். பிரிண்டில் குற்றம் ஒன்றும் இல்லை, பள்ளிக்கூட வாசலுக்கும் காய்கறிக் கடைக்கும் நானும் அதைத்தான் கட்டிக்கொண்டு போகிறேன். பிரிண்டுக்கு முடிச்சுச் சுங்குடியின் விலையைக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு கடையில் அப்படித்தான் என்னிடம் விற்கப் பார்த்தார்கள். சேலையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். பின்புறம் சாயம் மங்கி, புள்ளிகள் பாதிதான் தெரிந்தன. முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்த துணி என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும்.

கண்டாங்கி வேறு மாதிரி. இங்கே சாயம் துணியில் ஏறுவதில்லை, நூலிலேயே ஏறி, பிறகு தறிக்கு வருகிறது. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு, இலைப் பச்சை. பட்டைக் கோடு, கட்டம், ஒரு சாண் அகலத்துக்குக்கூட பார்டர். அந்தக் காலத்தில் கணுக்காலுக்கு மேலே, தண்டை தெரியக் கட்டியிருக்கிறார்கள். வேலை செய்கிற பெண்களின் உடை அது, அதனால் நூலும் தடிமன். இப்போது 60, 80 கவுண்ட் நூலிலும் நெய்கிறார்கள். கவுண்ட் எண் கூடக் கூட நூல் மெல்லிசாகும், சேலையின் கனம் குறையும். காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு வந்தது 2019-ல்.

சரி, காலை ஏழரை மணிக்கு எது கை கொடுக்கும்?

கட்டுகிற வேகத்தில் கண்டாங்கிதான். துணிக்கே விறைப்பு உண்டு. கொசுவம் வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும், பார்டரின் கனம் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டுத் திரும்பினாலும் மடிப்புக் கலைந்திருக்காது. சுங்குடி இழைந்து விழும், உடம்பு மெலிந்தாற்போல் தெரியும். ஆனால் கஞ்சி போடாவிட்டால் மதியத்துக்குள் தொய்ந்துவிடும். இடுப்பில் ஒரு பிள்ளையைத் தூக்கினால் முந்தானை நழுவிக்கொண்டே இருக்கும், ஒரு பின்னுக்கு இரண்டு பின் வேண்டும்.

வெயிலில் சுங்குடியை அடிக்க ஆள் இல்லை. மதுரை மே மாதத்தில் தடித்த கண்டாங்கியைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றால், அரைமணியில் முதுகு நனைந்து துணி ஒட்டிக்கொள்ளும். மாமியார் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "சேலைன்னா கட்டினது தெரியணும்த்தா, அது என்ன காத்தைக் கட்டின மாதிரி" என்பது அவர் கட்சி. தேவகோட்டையில் அவர்கள் வீட்டு முற்றத்தில் காற்று வரும், எங்கள் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் அது வருவதில்லை. விவாதத்துக்கு முடிவு அவ்வளவுதான்.

துவைப்பதில் இருவரும் ஆளுக்கொரு தொல்லை கொடுப்பார்கள். கண்டாங்கி அரக்கு முதல் சில தடவை சாயம் விடும். கல் உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்துத் தனியாக அலசுவது வழக்கம். அதோடு சாயம் நின்றுவிட்டது என்று நம்பி, பிள்ளையின் வெள்ளைச் சட்டையோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். நன்றாக அலசிய பிறகு அது உழைக்கும். சாம்பார்க் கறையை அந்த அரக்கும் கட்டமும் தாமாகவே விழுங்கிவிடும், பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும். சுங்குடியில் புள்ளி வெள்ளையாக இருப்பதால் மஞ்சள் கறை பட்டால் அந்த ஒரு புள்ளி மட்டும் வருஷக்கணக்கில் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் காய்கிற வேகத்தில் சுங்குடி தேவலாம். ஐப்பசி மழையில் பால்கனிக் கொடியில் போட்டால் மறுநாள் எடுத்துவிடலாம், கண்டாங்கி இரண்டு நாள் ஈரவாடையோடு தொங்கும்.

விலை? பிரிண்ட் சுங்குடி ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. கைத்தறிக் கண்டாங்கி பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் தொடங்கும். முடிச்சுச் சுங்குடி இரண்டையும் விடக் கூடுதல். அதைத் தினசரிக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அவசரம் இல்லை என்றால் தீபாவளித் தள்ளுபடிக்குக் கோ-ஆப்டெக்ஸுக்குப் போங்கள். 1935-லிருந்து இருக்கிற கூட்டுறவுச் சங்கம், கைத்தறியா என்று சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

போட்டியில் மற்றவர்களும் இருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்து நெகமம் காட்டன், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது, நல்ல சேலை. ஆனால் கஞ்சி போட்டுத் தேய்த்தால்தான் அதற்கு முகம். தேய்க்கிறவர் வராத வாரத்தில் அலமாரியிலேயே இருந்துவிடும். கோவை கோரா காட்டனில் பட்டு நூல் கலந்திருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்குச் சரி, தோசை சுடுவதற்கு இல்லை. லினன் சுருங்குவதே அழகு என்கிறார்கள், கேட்டுக்கொள்கிறேன். இவர்கள் எல்லோரையும் தோற்கடித்து, தமிழ்நாட்டு வீடுகளில் உண்மையிலேயே ஆட்சி செய்வது நைட்டிதான். மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் வாசலில் தண்ணீர் கேன் வாங்கலாம், குப்பை வண்டிக்கு ஓடலாம். அதற்கு எதிராகப் பேசும் தைரியம் எனக்கு இல்லை. நல்ல பருத்தி நைட்டியாக, முழங்கையைத் தொடுகிற கை வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி ஜன்னலுக்கு வருவோம். கட்டி அலுத்த சேலையைத் திரைச்சீலை ஆக்குவது நம் வீடுகளில் புதிது இல்லை. ஆனால் எந்தச் சேலை திரைக்கு நல்லது என்று யாரும் யோசிப்பதில்லை. முதலில் அளவு. சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர். ஏழடி உயரத் திரைக்கு மேல் மடிப்பு, கீழ் மடிப்பு சேர்த்து இரண்டேகால் மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டால் இரண்டு திரை வந்து, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் துணி மிஞ்சும். அதில் 16 அங்குலத் தலையணை உறை இரண்டு எடுக்கலாம். முந்தானையை அதற்கு ஒதுக்கிவிடுங்கள். திரையில் முந்தானை டிசைன் ஒரு பக்கம் மட்டும் வந்தால், மறந்துபோய்ச் சேலையைக் காயப்போட்ட மாதிரி இருக்கும். பார்டர் இரண்டு ஓரங்களிலும் தானாகவே நெட்டுக்கு இறங்கும், தையல்காரருக்கு வேலை மிச்சம்.

கட்டுவதில் தோற்ற விஷயங்களிலெல்லாம் சுங்குடி ஜன்னலில் ஜெயிக்கிறது. துணி மெலிசு, காற்றுக்கு அசையும். நீலச் சுங்குடியைக் கிழக்கு ஜன்னலில் போட்டுப் பாருங்கள். காலை வெயில் ஏறும்போது துணியின் நீலம் கனத்து, வெள்ளைப் புள்ளிகள் மட்டும் வெளிச்சத்தை உள்ளே விடும். எதிர்ச் சுவரில் அந்தப் புள்ளிகள் மங்கலாக விழும். காசு கொடுத்து வாங்கிய எந்தத் திரையிலும் நான் இதைப் பார்த்ததில்லை. பகலில் வெளியிலிருந்து உள்ளே தெரியாது. இரவில் விளக்குப் போட்டால் நிழல் தெரியும், ஆகவே படுக்கையறைக்கு உள்பக்கம் ஒரு வெள்ளைத் துணி வேண்டும்.

கண்டாங்கித் திரை அறையைச் சின்னதாக்கிவிடும். கட்டமும் பட்டையும் அந்த அகலப் பார்டரும், உயரமான கூரை உள்ள செட்டிநாட்டு வீட்டுக்குப் பொருந்தும். பத்துக்குப் பத்து அறையில் கண்ணை மறிக்கும். மேற்கு வெயில் நேரடியாக அடிக்கிற ஜன்னலில் அரக்கு நாளாவட்டத்தில் மடிப்பு மடிப்பாக வெளுத்துவிடும். கண்டாங்கியை வீட்டில் வைக்கவே வேண்டும் என்றால் சோபா மேல் விரிப்பாக, தலையணை உறையாக, சாப்பாட்டு மேசையில் நடுவே ஓடும் ஒரு பட்டையாகப் போடுங்கள். வெள்ளைச் சுவருக்கும் மர நாற்காலிக்கும் நடுவில் அந்தக் கடுகு மஞ்சள் ஒரு முழம் இருந்தாலே போதும், அறை எழுந்து நிற்கும். பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற சோபாவுக்கு அந்தத் தடித்த நூல்தான் சரி.

தரைக்குச் சேலை உதவாது. அங்கே போட்டி பவானி ஜமுக்காளத்துக்கும் பத்தமடைப் பாய்க்கும். நடுவில் நாலு வருஷமாக எல்லோர் வீட்டுக் கூடத்திலும் பரவியிருக்கிற பாலியஸ்டர் கார்ப்பெட்டை ஒரு வரியில் தள்ளிவிடுகிறேன். வீட்டில் துவைக்க முடியாது, தூசியும் பிஸ்கட் தூளும் அடியில் போய்த் தங்கும், எறும்பு வரும்.

பத்தமடைப் பாய் பார்க்கவும் தொடவும் தனி ரகம். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து நெய்வது. நேர்த்தியான பாய் துணி மாதிரி மடங்கிக்கொடுக்கும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையே நெய்து தருவார்கள். கோடையில் அதில் படுத்தால் எழ மனம் வராது. ஆனால் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது தரைக்குரிய பொருள் இல்லை. பால் சிந்தினால் இழைக்குள் இறங்கிப் புளித்த வாடை அடிக்கும், ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துவதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நல்ல பாய் வாங்கினால் சுருட்டி வைத்து, விருந்தாளி வந்தால் விரியுங்கள். சின்னதாகக் கிடைத்தால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், நடைவழிச் சுவருக்கு அது பிரமாதமாக இருக்கும்.

பவானி ஜமுக்காளம் முரட்டுப் பிள்ளை. பட்டை பட்டையாகச் சிவப்பு, பச்சை, நீலம். இரண்டு பக்கமும் ஒரே முகம், ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போடலாம். அப்படித் திருப்பிப் போட்டு விருந்தாளியைச் சமாளிக்காத அம்மா இருக்கிறாளா? வீட்டுப்பாடம், தாயக்கட்டை, மதியத் தூக்கம் எல்லாம் அதன் மேலேதான். கண்ணைப் பறிக்கிற நிறம் வேண்டாம் என்பவர்களுக்குச் சாம்பல், கறுப்பு, வெள்ளைப் பட்டைகளிலும் இப்போது வருகிறது. சாப்பாட்டுக்கு மட்டும் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பாயைப் போட்டுவிடுங்கள். அழகு பார்ப்பவர்கள் திட்டுவார்கள், ரசம் சிந்திய பிறகு திட்ட மாட்டார்கள்.

ஜமுக்காளத்தின் ஒரே குறை, நனைந்தால் அதன் கனம். பெரியதை ஒரு ஆள் பிழிய முடியாது, இரண்டு முனையிலும் இரண்டு பேர் நின்று முறுக்க வேண்டும். வாஷிங் மெஷினும் திணறும். கூடம் முழுக்க மறைக்கிற ஒற்றை ஜமுக்காளத்தைக் கடைக்காரர் காட்டுவார், விரித்தால் அழகாகத்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு, மூன்றடிக்கு ஆறடியில் ஒரே பட்டை உள்ள இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் விரியுங்கள். ஒன்று மொட்டைமாடிச் சுவரில் காய்ந்தாலும் இன்னொன்று கூடத்தில் கிடக்கும்.