கே.ஜி. ரோடு மொழிபெயர்ப்புக் கடை: பத்திரத்துக்குச் சரி, கிரிமினல் தீர்ப்புக்கு உஷார்

பெங்களூரு கே.ஜி. ரோட்டில் சிட்டி சிவில் கோர்ட்டைச் சுற்றி டைப்பிங், நோட்டரி, மொழிபெயர்ப்பு என்று பலகை மாட்டிய கடைகள் நிறைய. அதில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றையும் செய்கிற ஒரு கடையைப் பற்றியது இது. பெயர் போடவில்லை. இங்கே சொல்லும் குறைகள் பக்கத்துக் கடைகளுக்கும் பொருந்தும்.

கிரயப் பத்திரம், பிறப்புச் சான்று, பள்ளி டி.சி. என்றால் யோசிக்காமல் கொடுக்கலாம். தட்டச்சு சுத்தம், பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஆதாரைப் பார்த்துத்தான் போடுகிறார்கள், சொன்ன நேரத்துக்குக் கிடைக்கிறது. சிக்கல் தமிழ்நாட்டு மாஜிஸ்திரேட் கோர்ட் தீர்ப்பில்தான். பெங்களூருவில் வேலை பார்க்கிறவர் பாஸ்போர்ட்டுக்கோ விசாவுக்கோ பழைய ஊர் வழக்கின் தீர்ப்பை ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டி வரும்போது, எல்லாம் கடைசிப் பத்தியில் இருக்கும் நாலைந்து சொற்களைப் பொறுத்தது.

முதலில் நல்லது. தமிழ்நாட்டுக் கிரிமினல் தீர்ப்புகளில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றே எழுதுவார்கள். போன் ஆப்பில் படம் பிடித்து மொழிபெயர்த்தால் அது ‘எனிமி’ ஆகிவிடும். தீர்ப்பு ஏதோ போர்க்களச் செய்தி போல இருக்கும். இந்தக் கடை ‘அக்யூஸ்ட்’ என்று சரியாகப் போடுகிறது. அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) என்பதை பி.டபிள்யூ.1 என்றும், இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்), கு.வி.மு.ச. (குற்ற விசாரணை முறைச் சட்டம்) சுருக்கங்களை ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி. என்றும் மாற்றத் தெரிகிறது. பழைய பிரிவு எண்களைப் புதிய சட்டத்துக்கு மாற்றி எழுதவும் இல்லை, அது முக்கியம். 2024 ஜூலை 1-ல் இ.த.ச.வுக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது என்பதற்காக 2017 தீர்ப்பில் உள்ள திருட்டுக்கான 379-ஐ 303 ஆக்குவது மொழிபெயர்ப்பு இல்லை, திருத்தல்.

சறுக்குவது ‘விடுதலை’யில். தீர்ப்பில் ‘எதிரி விடுதலை செய்யப்படுகிறார்’ என்று இருந்ததற்கு ‘ரிலீஸ்ட்’ என்று போட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அதைப் படிக்கும் அதிகாரிக்கு, உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தவர் என்றுதான் படும். அங்கே வர வேண்டியது ‘அக்விட்டட்’, அதாவது குற்றம் நிரூபிக்கப்படவில்லை. தமிழில் விசாரணை முடிந்து குற்றமற்றவர் என்று விடுவதும், ஜாமீனில் விடுவதும், தண்டனை முடிந்து விடுவதும் எல்லாமே விடுதலைதான். குழப்பத்தைத் தீர்க்கும் சாவி அதே வரியில் இருக்கும் பிரிவு எண். கு.வி.மு.ச. 248(1), 255(1) என்றால் அக்விட்டல். 248(2), 255(2) என்றால் குற்றவாளி என்ற தீர்மானம். 239 என்றால் விசாரணை தொடங்கும் முன்பே விடுவிப்பு, ஆங்கிலத்தில் ‘டிஸ்சார்ஜ்’. 436, 437 என்றால் ஜாமீன். கு.வி.மு.ச.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாப்படி வந்த தீர்ப்பானால் 248-க்குப் பதில் 271, 255-க்குப் பதில் 278, 239-க்குப் பதில் 262. எண்ணைக் காட்டிச் சொன்னால் கடையில் வாதம் செய்யாமல் மாற்றிக் கொடுக்கிறார்கள்.

அடுத்தது சிறையின் வகை. கடுங்காவல் ‘ரிகரஸ்’, வெறுங்காவல் ‘சிம்பிள்’ என்பது இவர்களுக்குத் தெரியும். ‘மெய்க்காவல்’ என்று வந்தால் தடுமாற்றம். மெய்க்காவலர் என்ற சொல் குறுக்கே வந்துவிடுகிறது போல. அதுவும் சிம்பிள் இம்ப்ரிசன்மென்ட்தான். அபராதம் கட்டத் தவறினால் அனுபவிக்க வேண்டிய தண்டனையில் அதிகம் வரும். ‘நீதிமன்றம் கலையும் வரை சிறை’ என்பதை கோர்ட்டையே கலைத்துவிட்டது போல எழுதினால் திருத்தச் சொல்லுங்கள்: அன்றைய அமர்வு எழும் வரை கோர்ட்டில் இருத்தல், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் விட ஆபத்து ‘ஏககாலத்தில்’ என்ற ஒரு சொல் விடுபடுவது. மூன்று பிரிவுகளில் தலா ஓராண்டு, ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும் என்றால் மொத்தம் ஓராண்டு. அந்தச் சொல் இல்லாவிட்டால் சட்டப்படி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கணக்கு, மூன்றாண்டு ஆகிவிடும். பாஸ்போர்ட் சட்டம் 1967, பிரிவு 6(2)(e) தண்டனைக் காலத்தைப் பார்க்கிறது: விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு 2 ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனையா என்று.

கவுன்டரில் வாயால் சொல்வதிலும் கவனம் வேண்டும். ‘ஆறு மாசம் உள்ள இருந்தாரு’ என்று சொன்னால் முகப்புத் தாளில் ‘இம்ப்ரிசன்ட்’ என்று ஏறிவிடும். பரப்பன அக்ரஹாரா சிறையில் ஆறு மாதம் இருந்தவர் விசாரணைக் கைதியாகவும் இருக்கலாம், தண்டனைக் கைதியாகவும் இருக்கலாம். விசாரணைக் கைதியானால் ‘நீதிமன்றக் காவல்’ என்றே சொல்லுங்கள். குண்டர் சட்டத்தில் இருந்தவருக்கு ‘தடுப்புக் காவல்’. அதில் தீர்ப்பே கிடையாது.

கன்னட ஆவணத்தைத் தமிழாக்கும்போது வேறு வகைத் தொல்லை. கடையில் கன்னடம் படித்த பையன்கள்தான் முதல் பிரதி அடிக்கிறார்கள். கன்னடத்தில் ‘அபராத’ என்றால் குற்றம், நம் அபராதத்துக்கு அங்கே ‘தண்ட’, நம் தண்டனைக்கு ‘சிக்ஷே’. மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால், குற்றம் செய்தவருக்கு அபராதம் சிறை ஆகிறது, அல்லது சிறை அபராதம் ஆகிறது. ‘ஆரோபி’ குற்றம் சாட்டப்பட்டவர், ‘அபராதி’ குற்றவாளி, ‘குலாசெ’ நம் விடுதலை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கச் சொந்தக்காரர்களுக்குக் காட்டத் தமிழாக்கம் எடுப்பவர்கள் இந்த ஆறு சொற்களை மட்டும் மூலத்தில் தேடி வட்டமிட்டுக் கொடுத்தால் போதும்.

கட்டணம் மொழிபெயர்த்த ஆங்கிலப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு அடித்தால் பக்கம் ஊதும், ஆகவே எழுத்தளவையும் வரி இடைவெளியையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கொண்டு போகாதீர்கள், கோர்ட் நகல் பிரிவு தந்த சர்டிஃபைட் காப்பி வேண்டும். பழைய காப்பியில் முத்திரை மங்கியிருந்தால் ‘முத்திரை தெளிவில்லை’ என்று எழுதச் சொல்லுங்கள், ஊகித்து எழுத வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் அஃபிடவிட், ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து, பின்னால் மூலத்தின் நகல் இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டரி சீல் கையெழுத்துக்குத்தான் சாட்சி, மொழிபெயர்ப்பு சரி என்பதற்கு இல்லை. கவுன்டரில் உள்ளவர் ‘நோட்டரி பாத்துட்டாரு சார்’ என்பார், அதை நம்ப வேண்டாம்.

பத்திர வேலைக்கு 5-க்கு 4, கிரிமினல் தீர்ப்புக்கு 2.5. பிடிஎஃப் மட்டும் வாங்காமல் வேர்டு கோப்பையும் கேட்டு வாங்குங்கள். தூதரகம் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால், கோப்பு கையில் இல்லாவிட்டால் முழுத் தீர்ப்புக்கும் மறுபடி காசு கேட்கிறார்கள்.