பெங்களூரு அல்சூரில் அப்பாவுக்கு ஹோம் நர்சிங்: ஒரு வருஷத்துக்கு மேலான அனுபவம்

அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் ரத்தத்தைச் சரியாகப் பம்ப் செய்யாமல் உடம்பில் நீர் சேரும் நோய். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தால் மாதம் முடிவதற்குள் மூச்சுத்திணறலோடு மறுபடியும் எமர்ஜென்சி வாசலில் நிற்போம். முதலில் வைத்த ஏஜென்சி (பெயர் வேண்டாம்) அனுப்பிய ஆள் பிபி பார்ப்பார், நோட்டில் எழுதுவார், கிளம்பிவிடுவார். அந்த நோட்டை அங்கே யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ராத்திரி போன் செய்தால் எதற்கும் ஒரே பதில்: "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க சார்."

இப்போதைய ஏஜென்சி பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது. வந்த அன்றே சிஸ்டர் மருந்துப் பையைப் பேப்பர் மேல் கொட்டச் சொன்னார். ஆஸ்பத்திரியில் எழுதிய நீர் மாத்திரையும் பழைய டாக்டர் கொடுத்ததும் பெயர்தான் வேறு, உள்ளே இரண்டும் ஒரே மருந்து, ஃபுரோசமைடு. அப்பா எழுந்தால் தலை சுற்றியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது! மூட்டுவலிக்கு அவராகவே கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபினாக்கும் கிடைத்தது. அந்த வகை வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைக்கும் என்று சொல்லி, டாக்டரிடம் பேசி அன்றே நிறுத்தவைத்தார்.

அப்புறம் எடை, உடம்பில் நீர் சேர்வது அதில்தான் தெரியும். காலையில் பாத்ரூம் போய் வந்ததும், காபிக்கு முன்னால், தினமும் அதே மெஷினில். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே கூப்பிட வேண்டும். வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் அப்பளம், ஊறுகாய் என்று வெளுத்துக்கட்டிவிட்டு வந்தார், மறுநாளே எடை எகிறியது. சிஸ்டர் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினார், குழி அப்படியே நின்றது. டாக்டர் வீடியோ காலில் நீர் மாத்திரை டோஸை ஏற்றினார், வீக்கம் வடிந்தது, மூச்சு வாங்கும் நிலைக்கே போகவில்லை.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு முதல் இரண்டு வாரம் அடிக்கடி வந்து, பிறகுதான் குறைத்தார்கள். அமெரிக்காவில் ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகள் 30 நாளுக்குள் அளவுக்கு மீறித் திரும்ப அட்மிட் ஆனால் 2012 முதல் மெடிகேர் (முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் பணத்தில் பிடிக்கிறது. இங்கே அந்தப் பயம் யாருக்கும் இல்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரும் மாற்று ஆளுக்குத் தமிழும் வராது, கன்னடமும் வராது, அப்பா சைகையில் காலம் தள்ளுகிறார். செலவும் கை கடிக்கிறது, எங்கள் மெடிக்ளெய்ம் இதற்கு ஒரு பைசா தராது.

பேக்கேஜ் எடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: ராத்திரி பத்து மணிக்கு எடை கூடியிருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது என்றால் மருந்தை மாற்றச் சொல்ல டாக்டர் யார்? "காலையில் பார்க்கலாம் சார்" என்று இழுத்தால் வேறு இடம் பாருங்கள்.