ஹோஸில் மாட்டும் ‘உப்பு நீக்கி’ ஃபில்டர் வாங்கும் முன்...

கறுப்பு கார் வேண்டாம் என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். கேட்கவில்லை. நாங்கள் இருப்பது சென்னையில் மேடவாக்கம் பக்கம். போர் தண்ணீரில் கழுவிவிட்டுத் துணியை எடுப்பதற்குள் வெயில் முந்திக்கொள்ளும். பானட் முழுக்கத் தேமல் மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

அந்த நேரம் பார்த்து போனில் விளம்பரம். ஹோஸில் மாட்டினால் போதும், உப்பை முழுவதும் நீக்கும், 6 மாதம் உழைக்கும், ஒரு புள்ளி வராது. விலை 2,850 ரூபாய். வாங்கிவிட்டேன்.

வந்தது கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் குழல். உள்ளே கோலிக்குண்டு மாதிரி வெள்ளை உருண்டைகள். கழுவினேன், புள்ளிகள் அப்படியே. நாம்தான் சரியாக மாட்டவில்லையோ என்று மறுவாரமும் கழுவினேன் பாருங்கள், அதுதான் என் புத்தி. அப்புறம் கீழ்வீட்டுக்காரரிடம் டி.டி.எஸ். மீட்டர் வாங்கிப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி அது. ஃபில்டருக்கு முன்னால் 1,140, பின்னால் 1,150.

அந்த உருண்டைகள் பாலிபாஸ்பேட். வாஷிங் மெஷினுக்கும் கீசருக்கும் மாட்டுவார்களே, அதே சரக்கு. ஹீட்டர் காயிலில் சுண்ணாம்பு ஒட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை, உப்பை வெளியே எடுப்பதல்ல. காரின் மேல் நிற்கும் சொட்டு காய்ந்தால் உள்ளே கரைந்திருந்ததெல்லாம் அங்கேயேதான் தங்கும். எங்கள் தண்ணீரில் 15 லிட்டர் பக்கெட்டுக்கு 17 கிராம், அதாவது ஏறக்குறைய மூன்று டீஸ்பூன்.

விற்றவர்களைக் கேட்டால் முதலில் “உங்க மீட்டர் தப்பு சார்.” பிறகு “தண்ணி மென்மையாயிடும், டி.டி.எஸ். குறையாது.” சாஃப்ட்னர் என்றால் இந்தப் பேச்சில் நியாயம் உண்டு. அது கால்சியம், மக்னீசியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடும், மொத்த உப்பு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இது சாஃப்ட்னரும் இல்லை, விளம்பரத்தில் போட்டதும் அது இல்லை. கடைசியில் சொன்னதுதான் உச்சம்: தண்ணீர் பட்டுவிட்டதால் திரும்ப எடுக்க முடியாதாம். தண்ணீர் ஃபில்டரைத் தண்ணீர் படாமல் எப்படிச் சோதிப்பது?

உப்பை நிஜமாகவே எடுப்பது மிக்ஸட் பெட் ரெசின், அதாவது கரைந்த உப்பைப் பிடித்துவைக்கும் இரண்டு வகை மணிகளின் கலவை, இருக்கும் டி.ஐ. ஃபில்டர். அதற்கும் அவசரப்படாதீர்கள். இவ்வளவு உப்பில் ஒரு லிட்டர் ரெசின் இரண்டு பக்கெட்டுக்கே மூச்சு வாங்கிவிடும். 150, 200 டி.டி.எஸ். தண்ணீர் வரும் வீடென்றால் யோசிக்கலாம். எதை வாங்கினாலும் முன்னும் பின்னும் மீட்டரில் பாருங்கள், சில நூறு ரூபாய்தான்.

கொடுத்த பணம் எப்படித் திரும்ப வந்தது என்றால், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளை விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளில் இருக்கிறது. விளம்பர ஸ்கிரீன்ஷாட்டும் மீட்டர் போட்டோவும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்தேன். மூன்று வாரத்தில் வந்தது, கூரியர் காசு 180 போக.

இப்போது சாயங்கால நிழலில் போர் தண்ணீரிலேயே கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். ராத்திரியெல்லாம் பக்கெட்டில் பிடித்து, துணியில் வடிகட்டிக்கொள்கிறேன். மீட்டரில் 20தான் காட்டுகிறது. பழைய புள்ளிகளில் பாதி, தண்ணீர் கலந்த வினிகரில் போனது. மீதி பெயின்ட்டையே அரித்துவிட்டது. பாலிஷ் போட 3,500 ரூபாய் கேட்கிறார்கள். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.