எட்ஜ்ரவுட்டர் லைட்: எட்ஜ்ஓஎஸ்ஸா, ஓப்பன்வர்ட்டா, ஓப்பன்பிஎஸ்டியா?

யுபிக்விட்டி நிறுவனத்தின் எட்ஜ்ரவுட்டர் லைட் பழைய ரவுட்டர் பெட்டிதான். மூன்று கிகாபிட் போர்ட், 500 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கோர் மிப்ஸ் சிப், 512 எம்பி ரேம். ஆனால் மூன்று திருகைக் கழற்றினால் உள்ளே ஒரு சாதாரண பென் டிரைவ் செருகியிருக்கும். மொத்த ஓஎஸ்ஸும் அதில்தான். அதை உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம் என்பதால்தான் இந்தப் பெட்டி மேல் இவ்வளவு பேருக்கு ஆசை.

வேகம் மட்டும்தான் முக்கியம் என்றால் கூடவே வரும் எட்ஜ்ஓஎஸ்ஸை மாற்றாதீர்கள். பாக்கெட்டுகளை சிப்பே நேரடியாகத் தள்ளிவிடும் ஆஃப்லோட் வசதி அதில் மட்டுமே உண்டு. அந்த டிரைவர் வெளியே கிடைக்காது. ஆனால் எந்த டிராஃபிக்குக்கு முன்னுரிமை என்று பிரிக்கும் க்யூஓஎஸ்ஸைப் போட்டால் அந்த வழி அடைபட்டு, எல்லாச் சுமையும் சிபியு தலையில் விழும்.

ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன்வர்ட் நடுவழி. லூசி என்ற பிரவுசர் பக்கம், வேண்டிய பேக்கேஜ்கள், வீடியோ கால் திக்காமல் இருக்க எஸ்க்யூஎம் என்று எல்லாம் உண்டு. வீட்டில் மற்றவர்களும் ரவுட்டரைத் தொடுவார்கள் என்றால் இதுதான் சரி.

பாதுகாப்புக்குப் பேர்போன யூனிக்ஸ் வகை ஓஎஸ்ஸான ஓப்பன்பிஎஸ்டியில் கிகாபிட் வேகத்தை மறந்துவிட வேண்டும். 100 மெகாபிட் இணைப்பில் வித்தியாசம் தெரியாது. பதிலுக்குக் கிடைப்பது பிஎஃப் என்ற அதன் ஃபயர்வால். எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற எல்லா விதிகளும் ஒரே கோப்பில், ஒரு பக்கத்துக்குள் அடங்கும். எட்ஜ்ஓஎஸ்ஸில் முதலில் பொருந்தும் விதி செல்லும். இங்கே, குவிக் என்று போடாதவரை, கடைசியாகப் பொருந்துவதுதான் செல்லும். பழக்க தோஷத்தில் மேலே தடுத்து, கீழே எல்லாவற்றையும் திறந்துவிடுவது சுலபம்.

ஓப்பன்பிஎஸ்டியை நிறுவ, கணினியிலிருந்து ரவுட்டருக்கு நேரடியாகக் கட்டளை அடிக்க கன்சோல் கேபிள் வேண்டும், 1,15,200 பாட் வேகத்தில். ஓஎஸ்ஸைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரில் கோர் எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டால் ஒரே கோரில் நொண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் புதிய வெளியீட்டுக்கு சிஸ்அப்கிரேட் என்ற ஒரு கட்டளை போதும். இடையில் வரும் பாதுகாப்புத் திருத்தங்களுக்குத்தான் தலைவலி: திருத்தங்களைத் தயாராக இறக்கித் தரும் சிஸ்பேட்ச் இந்த சிப்புக்குக் கிடையாது, சோர்ஸிலிருந்து நாமே கம்பைல் செய்ய வேண்டும். இந்தக் குட்டி சிபியுவில் அது ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப்போகிற வேலை.

அப்புறம், பழைய பூட் கட்டளையை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் பெட்டியில் இப்போது ஓப்பன்பிஎஸ்டி ஓடுகிறது. எட்ஜ்ஓஎஸ் இருந்த பென் டிரைவும் அந்தக் கட்டளை எழுதிய துண்டுச்சீட்டும் அடியில் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கின்றன.