ஸ்பீச் தெரபிஸ்டைத் தேட ஆஷாவின் ப்ரோஃபைண்ட்: எதுவரை நம்பலாம்?

அமெரிக்காவில், பேச்சு தாமதமாகும் குழந்தைக்காகவோ பக்கவாதத்திற்குப் பின் சொற்களைத் தேடித் தவிக்கும் பெற்றோருக்காகவோ ஸ்பீச் தெரபிஸ்டைத் தேடுபவர்கள் பெரும்பாலும் கூகுளில்தான் தொடங்குகிறார்கள். அங்கே விளம்பரம் கொடுத்தவர் முன்னால் வந்து நிற்பார். நட்சத்திர மதிப்பீடுகளைப் படித்தால் வரவேற்பறையில் இருந்தவர் இனிமையாகப் பேசினாரா என்பது தெரியுமே தவிர, திக்கிப் பேசும் எட்டு வயதுச் சிறுவனுக்கு அவர் என்ன பயிற்சி தருவார் என்பது தெரியாது. 1925-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கம், அதாவது ஆஷா, கட்டணமின்றி நடத்தும் ப்ரோஃபைண்ட் என்ற தேடல் தளம் இதைவிட நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. ஆனால் அது தொடக்கம் மட்டுமே.

இதன் பலம், பட்டியலில் உள்ளவர்கள் சிகிச்சைத் திறனுக்காக ஆஷா வழங்கும் சி.சி.சி. சான்றிதழைப் பெற்றவர்கள் என்பதுதான். முதுகலைப் படிப்பு, மேற்பார்வையின்கீழ் 400 மணி நேர மருத்துவப் பயிற்சி, தேசிய அளவிலான தேர்வு, அதன்பின் குறைந்தது 36 வாரங்களும் 1,260 மணி நேரமும் கொண்ட பணிப்பயிற்சி ஆகிய அனைத்தையும் முடித்தவருக்கே அது கிடைக்கும். மாநில உரிமம் என்பது இதிலிருந்து வேறானது. தொழில் செய்ய அதுவே சட்டப்படி தேவை என்பதால், உரிமம் நடப்பில் உள்ளதா என்பதை அந்தந்த மாநில உரிம வாரியத்தின் இணையதளத்தில் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர், சிகிச்சை பெறுபவரின் வயது, சிகிச்சைத் துறை, சிகிச்சை தரும் மொழி ஆகியவற்றைக் கொண்டு முடிவுகளைச் சுருக்கலாம். இதில் சிகிச்சைத் துறை என்ற வடிகட்டியைச் சற்று ஐயத்துடன் அணுகுவது நல்லது. திக்குதல், விழுங்குவதில் சிரமம், குரல் கோளாறு, பக்கவாதத்திற்குப் பின் வரும் அஃபேசியா என்ற மொழித்திறன் இழப்பு எனப் பல துறைகளை ஒருவரே குறித்திருக்கக்கூடும். அவை அவராகச் சொல்லிக்கொண்டவையே அன்றி, சங்கம் ஒவ்வொன்றையும் சோதித்து அளித்த தரச்சான்று அல்ல. ஆகவே தொலைபேசியில் பேசும்போது, "இதே சிக்கல் உள்ள எத்தனை பேரைத் தற்போது பார்க்கிறீர்கள், முன்னேற்றத்தை எப்படி அளக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். நேராகப் பதில் சொல்பவரிடம் முதல் மதிப்பீட்டுக்குப் போகலாம். குழந்தையைப் பார்ப்பதற்கு முன்பே இத்தனை மாதங்களில் சரிசெய்துவிடுவேன் என்று உறுதி கூறுபவரை நான் தவிர்த்துவிடுவேன்.

மொழி வடிகட்டியால் தமிழ்க் குடும்பங்களுக்குக் கிடைக்கும் பயன் குறைவு, ஏனெனில் தமிழில் சிகிச்சை தருபவர் பக்கத்திலேயே கிடைப்பது அரிது. அதைவிட முக்கியம், ஆங்கிலம் மட்டுமே அறிந்த வல்லுநர் நம் வீட்டு மொழியை எப்படி மதிக்கிறார் என்பது. இருமொழிச் சூழலால் மொழிவளர்ச்சிக் குறைபாடு உண்டாவதில்லை என்பது இத்துறையில் நிலைபெற்ற முடிவு. அப்படியிருந்தும் "வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், வேறொருவரைத் தேடுவதே மேல். தமிழில் பல், கம்பு என்ற இரு சொற்களிலும் ‘ப்’ என்ற ஒரே எழுத்து, p என்றும் b என்றும் இருவிதமாக ஒலிக்கிறது. தமிழில் பேசி வளரும் சிறுவர் ஆங்கிலத்தில் அவ்விரு ஒலிகளை மாற்றிச் சொன்னால், அது கோளாறா வீட்டு மொழியின் சாயலா என்று பிரித்தறியத் தெரிந்தவரே நமக்கு வேண்டியவர். மதிப்பீட்டின்போது தமிழ்த் திறனையும் கணக்கில் எடுப்பீர்களா, தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்வீர்களா என்று முன்கூட்டியே கேட்பதில் தவறேதும் இல்லை.

உறுப்பினர்கள் தாமாக முன்வந்து பெயரைச் சேர்க்கும் பட்டியல் என்பதால், உங்கள் பகுதியில் உள்ள எல்லோரும் இதில் இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. திறமையான சிலர் குழந்தைநல மருத்துவர் வழியாகவோ மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவு வழியாகவோதான் தெரியவருவார்கள். காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பதை அழைத்துத்தான் கேட்க வேண்டும், காப்பீடு ஏற்கப்படுமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடமும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். காணொளி வழிச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தால், வல்லுநர் இருக்கும் மாநிலத்தில் மட்டுமின்றி, சிகிச்சை பெறுபவர் இருக்கும் மாநிலத்திலும் தொழில் செய்யும் அனுமதி அவருக்கு உண்டா என்று பார்க்க வேண்டும்.

குழந்தைக்காகத் தேடுபவர்கள் இந்தத் தளத்தோடு நின்றுவிட வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையாயின் மாநிலத்தின் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டத்திடமும், மூன்று வயது நிறைந்த குழந்தையாயின் உள்ளூர்ப் பொதுப்பள்ளி நிர்வாகத்திடமும் மதிப்பீடு செய்யக் கேட்கலாம், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் கல்விக்கான கூட்டரசின் ஐ.டி.இ.ஏ. சட்டப்படி அந்த மதிப்பீட்டுக்குக் கட்டணம் கிடையாது. தனியார் வல்லுநரிடம் இடம் கிடைக்கும் வரை காத்திருக்காமல், அந்த விண்ணப்பத்தை எழுத்து வடிவில் கொடுத்து நகலொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.