கிரைண்டர் வாங்கி 12 ஆண்டுகள்: பாதி வேலை அவர்களுடையது, பாதி என்னுடையது

2013 பொங்கலுக்கு முந்தைய வாரம் வாங்கிய 2 லிட்டர் டில்டிங் கிரைண்டர் இன்னும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாரத்திற்கு இரண்டு முறை மாவு, அவ்வப்போது அடைக்கும் வடைக்கும் ஆட்டுவது எல்லாம் சேர்த்தால் ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றியிருக்கும். வாங்கிய மாதத்தில் இதைப் பற்றி எழுதியிருந்தால், "நன்றாக அரைக்கிறது, சத்தம் குறைவு" என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அப்படி எழுத முடியவில்லை. இது நன்றாக அரைப்பதில் என் பங்கு எது, மெக்கானிக்கின் பங்கு எது, செய்தவர்களின் பங்கு எது என்று பிரித்துச் சொல்வதே கடினமாகிவிட்டது.

கடையில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நான் 5 லிட்டர் வேண்டும் என்று கேட்டுப் போனேன். அண்ணன் தம்பி குடும்பங்கள் கூடினால் பன்னிரண்டு பேர் ஆகிவிடும் என்பது என் கணக்கு. கடைக்காரர் விலைச் சீட்டை எடுக்கவில்லை. "வாரத்திற்கு எத்தனை தடவை மாவு ஆட்டுவீர்கள், அக்கா? ஒரு தடவைக்கு எத்தனை ஆழாக்கு போடுவீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். பெரிய தொட்டியில் கொஞ்சமாகப் போட்டால் உளுந்து கல்லில் சிக்காமல் ஓரமாகவே சுற்றும், வருடத்தில் இரண்டு நாள் கூட்டத்துக்காக மற்ற நாளெல்லாம் மாவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். விலை அதிகமுள்ளதை விற்காமல் விட்டவர் என்பதால் மட்டும் அவரை நினைவில் வைத்திருக்கவில்லை. என் வீட்டுச் சமையலைப் பற்றி என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு பொருளைக் காட்டினார் என்பதற்காகத்தான்.

புதுக் கல்லில் முதலில் ஒரு பிடி அரிசியை ஆட்டி அந்த மாவைக் கொட்டிவிட வேண்டும், இரண்டு மூன்று முறை செய்தால் கல்தூள் போய்விடும் என்று அவர் சொல்லி அனுப்பினார். என் மாமியார் அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் பெரிய ஒற்றைக்கல் கிரைண்டரில் முப்பது ஆண்டுகள் ஆட்டியவர். ஆண்டுக்கு ஒரு முறை கல் கொத்துகிறவரை வரவழைத்து, முற்றத்தில் உட்கார வைத்து, உளி விழும் ஆழத்தைப் பக்கத்திலிருந்தே மேற்பார்வை பார்ப்பார். "கிரைண்டர் எங்கே அரைக்கிறது? அது சுற்றுகிறது. அரைப்பது நான்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

அது வெறும் வீம்பு இல்லை என்று எனக்குப் புரிய ஓராண்டு ஆனது. அதே கல், அதே மோட்டார், அதே கடை உளுந்து. நான் ஆட்டினால் இட்லி தட்டையாக வந்தது, அவர் ஆட்டினால் பூவாக வந்தது. வித்தியாசம் தண்ணீரில் இருந்தது. நான் ஒரு குவளைத் தண்ணீரை மொத்தமாக ஊற்றினேன். அவர் முதலில் கெட்டியாக ஓடவிட்டு, ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை கையளவு தெளித்து, கோடையில் பானைத் தண்ணீரை எடுத்து, அரைமணி நேரம் பொங்க விடுவார். ஒரு துளியைத் தண்ணீரில் போட்டு அது மிதந்த பிறகே அணைப்பார். உளுந்தின் வழவழப்பு காற்றைப் பிடித்துவைப்பதால்தான் மாவு அப்படிப் பொங்குகிறது. கல் மெதுவாகச் சுற்றுவதால் மிக்சியைப் போல மாவு சூடேறுவதில்லை. அந்த மெதுவான சுற்று செய்தவர்கள் கொடுத்தது. கைத்தெளிப்பு அவர்கள் கொடுக்க முடியாதது. எந்தப் பெட்டிக்குள்ளும் அதை வைத்து அனுப்ப வழியில்லை.

பல ஆண்டுகள் கழித்து மகள் எம்.பி.ஏ. படித்தபோது ஒரு நாள் பாடத்தை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். நிறுவனம் மதிப்பை உருவாக்கி வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பதில்லை, இருவரும் சேர்ந்துதான் உருவாக்குகிறார்கள் என்று சி. கே. பிரகலாதும் வெங்கட் ராமசாமியும் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். 2004இல் ஸ்டீபன் வார்கோ, ராபர்ட் லஷ் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் இன்னும் ஒரு படி போய், நிறுவனத்தால் மதிப்பை முன்மொழிய மட்டுமே முடியும், பயன்படுத்துகிறவரின் கையில்தான் அது மதிப்பாகிறது என்றார்கள். மாமியார் காய் நறுக்கியபடி கேட்டுவிட்டு, "இதற்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டுமா?" என்றார். பிரகலாத் 1941இல் பிறந்தது கோயம்புத்தூரில். கிரைண்டர் பிறந்ததும் அங்கேதான். 1955இல் பி. சபாபதி என்பவர் அங்கே மின்சாரக் கிரைண்டரை உருவாக்கினார். இன்று கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஊர்ப் பொருத்தம் எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இனி குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை என்னுடையது. இரண்டாம் ஆண்டில் வீட்டில் ஒரு வளைகாப்பு. கடைக்காரர் சொன்னதை மறந்து, தொட்டி வழிய வழிய அரிசியைப் போட்டு ஓட்டினேன். பத்து நிமிடத்தில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. மோட்டார் சுற்றுகிறது, தொட்டி நின்றுவிட்டது. பெல்ட் வழுக்கித் தேய்ந்துபோயிருந்தது. "ஓடிக்கொண்டே நின்றுவிட்டது" என்று மட்டும் புகார் கொடுத்தேன். எவ்வளவு போட்டேன் என்பதை, சொன்னால் உத்தரவாதம் போய்விடுமோ என்று பயந்து மறைத்துவிட்டேன். வந்தவர் மோட்டாரைக் கழற்றிச் சோதித்து ஒன்றரை மணி நேரம் வீணாக்கிய பிறகுதான் பெல்ட்டுக்கு வந்தார். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு நானே பொறுப்பு.

இரண்டாவது குறை அவர்களுடையது. ஐந்தாம் ஆண்டு, உத்தரவாதம் முடிந்த பிறகு, ஒரு காலையில் சுவிட்சைப் போட்டால் "ஊம்" என்று உறுமுகிறது, சுற்றவில்லை. மரக் கரண்டியால் தொட்டியை லேசாகத் தள்ளிவிட்டால் சுற்றத் தொடங்குகிறது. நிறுவனத்தின் சேவை எண்ணில் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிரைண்டர் வேலை செய்யவில்லை என்று பதிவு செய்துவிட்டேன், மேடம்" என்றார். அவருடைய திரையில் அதற்குமேல் எழுத இடமில்லை போலும். இரண்டு நாள் கழித்து ஒருவர் வந்தார். கையில் உதிரிபாகம் எதுவும் இல்லை. சுவிட்சைப் போட்டார், உறுமலைக் கேட்டார், மோட்டார் போய்விட்டது, புதிது மாற்ற வேண்டும் என்றார். தள்ளிவிட்டால் சுற்றுகிறதே என்றேன். அதற்குப் பதில் இல்லை. கைபேசிக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டார். வருகையைப் பதிவு செய்ய என்று நினைத்துக் கொடுத்தேன். மாலையில் குறுஞ்செய்தி வந்தது: தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. மாவுக்கு ஊறவைத்த அரிசி அப்போதும் பாத்திரத்தில் இருந்தது.

மறுநாள் எங்கள் தெருமுனை மெக்கானிக் தம்பிக்குப் போன் செய்தேன். 2011இல் அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தத் தொழிலை முழுதாகக் கற்றேன் என்று சொல்கிறவர். நான் சொல்லி முடிப்பதற்குள் மூன்று கேள்வி கேட்டார். "உறுமும்போது சூடாகிறதா, அக்கா? தள்ளிவிட்டால் எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே சுற்றுகிறதா? பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா, விரலால் அழுத்திப் பாருங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு." பார்த்துச் சொன்னேன். "கப்பாசிட்டர்" என்றார். மோட்டார் சுற்றத் தொடங்க முதல் உந்துதல் கொடுக்கும் சின்னப் பாகம் அது. வரும்போதே சட்டைப் பையில் அதை எடுத்து வந்தார். இருபது நிமிட வேலை. புது மோட்டாருக்குச் சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நிறுவனத்திலிருந்து வந்தவர் திறமை இல்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏற வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும். நான் சொன்ன "தள்ளிவிட்டால் சுற்றுகிறது" என்ற இரண்டு வார்த்தையும் அவரிடம் போய்ச் சேரவே இல்லை. கிரைண்டரோடு தினமும் இருப்பவள் நான். அதன் சத்தம் மாறியதை முதலில் கேட்டவள் நான். அந்தத் தகவலை இலவசமாகக் கொடுக்கத் தயாராக நிற்கும்போது அதைக் குப்பையில் போடுகிற ஏற்பாட்டை யார் யோசித்து வடிவமைத்தார்களோ, அவர்கள்மேல்தான் கோபம்.

அதன்பின் நானும் மாறினேன். குறைந்த மின்னழுத்தம் இருக்கும் மாலை நேரத்தில் ஆட்டுவதில்லை. அரிசி நன்றாக ஊறாமல் போடுவதில்லை. வேலை முடிந்ததும் கல்லைக் கழுவி வெயில்படும் இடத்தில் சாய்த்து வைக்கிறேன். ஒன்பதாம் ஆண்டில் உளுந்துக்கு வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் அதிகம் பிடிக்கத் தொடங்கியதும், கல் வழவழப்பாகிவிட்டது என்று நானே கண்டுபிடித்துச் சொன்னேன். தம்பி கல்லை எடுத்துப் போய்க் கொத்திக்கொண்டு வந்தார். முதல் நாள் மாவு சற்று நறநறவென்று இருந்தது. கொத்திய கல்லிலும் ஒரு பிடி அரிசியை ஆட்டிக் கொட்ட வேண்டும் என்பதை இருவருமே மறந்திருந்தோம்.

இதுவரை மாற்றியவை: பெல்ட் மூன்று முறை, கப்பாசிட்டர் ஒரு முறை, மாவு வழிக்கும் ஸ்கிரேப்பர் இரண்டு முறை, சுவிட்ச் ஒரு முறை. மோட்டார் அதேதான். டில்ட் செய்யும் பூட்டு மட்டும் தளர்ந்திருக்கிறது. மாவைச் சாய்க்கும்போது ஒரு கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். மறுபடியும் இதே வகையை வாங்குவேனா என்றால், வாங்குவேன், ஆனால் இணையத்தில் நட்சத்திரங்களை எண்ணி வாங்க மாட்டேன்.

சென்ற மாதம் மகள் பெங்களூருவிலிருந்து தன் வீட்டுக்கு எந்தக் கிரைண்டர் வாங்கலாம் என்று கேட்டாள். முதலில் உன் தெருவில் எந்தக் கிரைண்டருக்கு பெல்ட் கிடைக்கிறது என்று விசாரி என்றேன். அவள் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். மாலையில் திரும்ப அழைத்து, பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், எத்தனை பேருக்கு மாவு, எத்தனை ஆழாக்கு என்று கேட்கிறார், என்ன சொல்வது என்றாள்.