கண்ணாடியா, பொம்மையா?

'டெட் ஆஃப் நைட்' என்ற பேய்ப்படத்தைப் பார்த்தவர்களிடம் அதில் எந்தக் கதை பயமுறுத்தியது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் "அந்தப் பொம்மை" என்பார்கள். என் ஓட்டு கண்ணாடிக்கு. (கதை தெரிந்தால் பிடிக்காது என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.)

1945-இல் லண்டன் ஈலிங் ஸ்டூடியோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இது. ஐந்து பேய்க்கதைகள், அவற்றைக் கோக்க ஆறாவதாக ஒன்று, மொத்தம் நான்கு இயக்குநர்கள். கிராமத்து வீடொன்றுக்கு வேலையாக வரும் ஆர்கிடெக்ட், அங்கிருப்பவர்களைப் பார்த்ததும் "உங்களை எல்லாம் கனவில் பார்த்திருக்கிறேன்" என்கிறார். உடனே ஆளுக்கொரு கதை கிளம்புகிறது. முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்கும் படம். வானியலாளர் பிரெட் ஹாய்லும் அவருடைய இரண்டு நண்பர்களும் இதைப் பார்த்த பிறகுதான், தொடக்கமும் முடிவும் இல்லாத பிரபஞ்சம் என்ற யோசனைக்கு வந்தார்களாம்.

கோல்ஃப் கதை வெறும் தமாஷ், எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வரலாம். கிறிஸ்துமஸ் கதை சின்னது. இந்த இரண்டையும் அமெரிக்காவில் வெட்டிவிட்டுத்தான் ஓட்டினார்கள். சவவண்டிக் கதையில் "உள்ளே ஒருத்தருக்குத்தான் இடம் இருக்கு சார்" என்று வண்டிக்காரர் சொல்லும் ஒரே வசனம் போதும். அதே முகம் பிறகு பஸ் கண்டக்டராக வந்து அதையே சொல்லும்போது சிலிர்க்கிறது.

போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

பொம்மைக் கதையை இயக்கியவர் கவல்கான்டி. மேடையில் குரல் மாற்றிப் பொம்மையைப் பேசவைக்கும் கலைஞனாக மைக்கேல் ரெட்கிரேவ். ஹ்யூகோ என்ற அந்த மரப்பொம்மை எஜமானனை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுகிறது, வேறொரு கலைஞனிடம் போய்விடுவேன் என்று மிரட்டுகிறது. ரெட்கிரேவின் நெற்றி வியர்வையைப் பார்த்தால் பொம்மைக்குள் இருப்பது அவர் கைதான் என்பதே நமக்கு மறந்துபோகும். கைதாகிச் சிறையில் கிடப்பவனிடம் டாக்டர் அந்தப் பொம்மையைக் கொண்டுவந்து கொடுக்கிற காட்சி, அப்பப்பா! அதை மூச்சுத் திணறவைத்து, தலையைக் காலால் நசுக்கித் தீர்க்கிறான். மரத்துக்கு ஏது மூச்சு? அங்கேதான் வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் இந்தக் கதையில் நாம் தப்பிக்க ஒரு சந்து இருக்கிறது. சொல்பவரே மனநல மருத்துவர். பாவம், மனசு இரண்டாகப் பிளந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

ராபர்ட் ஹேமர் எடுத்த கண்ணாடிக் கதையில் அந்தச் சந்து கிடையாது. பீட்டருக்கு நிச்சயித்த பெண் ஜோன் பழைய கண்ணாடி ஒன்றைப் பிறந்தநாள் பரிசாகத் தருகிறாள். அதன் எதிரே நிற்பவனுக்குத் தன் அறைக்குப் பதிலாக இருண்ட பழங்காலப் படுக்கையறை தெரிகிறது: திரை போட்ட பெரிய கட்டில், எரியும் கணப்பு. அலறல் கிடையாது, இசை அதிர்வதும் கிடையாது. அவன் பின்னால் இருப்பது வெளிச்சமான நவீன அறை, முன்னால் இருப்பதோ வேறு யாருடைய அறையோ. பக்கத்தில் நிற்கும் ஜோனையும் அந்தக் கண்ணாடியில் காணோம்.

கல்யாணத்துக்குப் பிறகு அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தேகப் பிராணியாக மாறுகிறான். கண்ணாடி விற்ற கடைக்காரர் சொல்லித்தான் விஷயம் தெரிகிறது: அதன் பழைய சொந்தக்காரன் குதிரையிலிருந்து விழுந்து முடமாகி, பொறாமை முற்றி, மனைவியைக் கழுத்து நெரித்துக் கொன்றவன். கடைசியில் பீட்டர் அவள் கழுத்தைப் பிடிக்கும்போது அந்த இருண்ட அறை ஜோன் கண்ணுக்கும் தெரிகிறது. எனக்கு அந்த ஒரு ஷாட் போதும். அதுவரை அவனுக்குத்தான் பித்து என்று நம்பியிருந்தோம். பார்த்தவர் இரண்டு பேர் என்றான பிறகு எந்த டாக்டரைக் கூப்பிடுவது?

நடிப்பில் பொம்மைக் கதைதான் மேலே, சந்தேகமே இல்லை. ரெட்கிரேவுக்கு ஈடாகக் கண்ணாடிக் கதையில் நடிகர் இல்லை. ஜோனாக வரும் கூகி விதர்ஸ் மட்டும் பதறாமல் நடித்து அதைத் தூக்கி நிறுத்துகிறார். படத்தின் உச்சக்கட்டக் கனவில் எழுந்து நடந்து வருவதும் ஹ்யூகோதான், அதாவது படமே பொம்மைக்குத்தான் ஓட்டுப் போடுகிறது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பேசும் பொம்மை எத்தனை வீட்டில் இருக்கிறது? எங்கள் வீட்டு பீரோவில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. படம் பார்த்த மறுநாள் காலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சீப்பைப் பையில் போட்டுக்கொண்டு தலை வாராமலே கிளம்பினேன்.